கைவந்த அடியும் கால் அறிந்த சுவடும்

குமரி மாவட்டத்தில் அடிமுறை என்று வழங்கும் போர்க்கலையை நெடுங்காலம் பயின்ற எவருக்கும், எண்ணிப் பார்க்க நேரமில்லாத வேளையில் தானாகவே எழுந்து வரும் ஓர் அடியோ பூட்டோ அமைந்துவிடுகிறது. எதிராளியின் கையை மூட்டில் மடக்கிச் செயலற்றதாக்கும் பிடிக்கு இங்கே பூட்டு என்று பெயர். யூடோ பயில்வோர் இத்தகைய கைவந்த நுட்பத்தை டொக்குயி வாசா என்று குறிப்பிட்டு, அதைக் கண்டடைவதைப் பயிற்சியின் நோக்கங்களுள் ஒன்றாகவே கொள்கின்றனர். அடிமுறைக் களரியில் அதற்கெனத் தனிப் பாடம் கிடையாது. அது இல்லாதிருப்பதே நன்று என்பதும், கைவந்த அடியை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு பயிற்சியை அதன் பின்னால் இழுத்துச் செல்வோர் பெரும்பாலும் உடலைக் கெடுத்துக்கொள்கின்றனர் என்பதும், பேச்சிப்பாறையைச் சுற்றியுள்ள களரிகளில் இளமை முழுவதையும் கழித்த இக்கட்டுரையாசிரியரின் உறுதியான முடிவு.

கேரளத்தின் வடக்கன் களரி மெய்ப்பயிற்று என்னும் உடற்பயிற்சித் தொடரில் தொடங்கி, கோல்தாரி என்னும் மர ஆயுதங்களையும் அங்கத்தாரி என்னும் உலோக ஆயுதங்களையும் கடந்து, வெறுங்கைக்கு இறுதியில்தான் வருகிறது. அடிமுறை சேர்ந்த தெற்கன் முறையிலோ முதல் நாளிலேயே வெறுங்கையும் சுவடும் தொடங்கிவிடுகின்றன. சுவடு என்பது காலை எடுத்து வைக்கும் ஒழுங்கு. நின்ற இடத்திலிருந்து நான்கு திசைக்கும் திரும்பித் தடுக்கவும் அடிக்கவும் பழக்குவது ஒற்றைச்சுவடு, பல சுவடுகளைக் கோத்துச் செல்வது கூட்டச்சுவடு. ஆசானை வணங்குதல், எண்ணெய் தேய்த்தல், குறுவடி, நெடுவடி என்னும் கம்புப் பயிற்சிகள் ஆகியவை எந்தக் களரியிலும் ஏறக்குறைய ஒரே வகையாகவே நடைபெறுவதால் அவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை. சுவடு மட்டும் அப்படியன்று; மண்ணுக்கு மண் அதன் அகலமும் தாழ்வும் மாறுகின்றன.

கோதையாற்றின் குறுக்கே 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணையைச் சூழ்ந்த பகுதி, தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே பெறுவது; ரப்பர் தோட்டச் சரிவுகளில் உதிர்ந்த இலையும் செம்மண்ணும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதி வழுக்கலாகவே இருக்கும். இந்நிலத்தில் காலை உயர்த்துபவன் பாதி விழுந்தவனாகிறான். ஆகவேதான் இங்குள்ள ஆசான்மார் குறுகிய சுவட்டையும், இடுப்பைத் தாழ்த்திய நிலையையும், முகத்துக்கு முன்னே உயர்ந்து நிற்கும் கைகளையும் வற்புறுத்துகின்றனர். விடியலுக்கு முன்னரே பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளி, மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, உடலைத் தாழ்த்தி, கத்தியை ஒரே சீராகத் தன்பால் இழுக்கிறார். அந்த அசைவு பல ஆண்டுகளாக ஊறிய உடலுக்கு, வரும் குத்திலிருந்து பக்கவாட்டில் விலகி, மணிக்கட்டைப் பற்றித் தன்பால் இழுத்து, முழங்கையில் பூட்டிடுவது மிக எளிதில் கைவருகிறது. கட்டுரையாசிரியருக்கு இறுதியில் அமைந்ததும் இந்தப் பூட்டுதான். மேடையில் அதற்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு அது கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் நெருங்கி வந்த எதிராளிக்கு அதன் வலிமை தெரியும்.

இப்பகுதியில் மிகுந்த விலை கொடுக்கப்பட்ட தவறு, சுவடு படியாத காலுக்குப் பாய்ச்சல் உதையைக் கற்பித்ததாகும். கோயில் கொடைகளிலும் கலைவிழாக்களிலும் அடிமுறைக்கு இடம் கிடைக்கத் தொடங்கியபோது, விழா நடத்துவோர் கேட்டது உயரத்தையும் வேகத்தையும். தாழ்ந்து நின்று செய்யும் சுவடுகள் கூட்டத்துக்குச் சலிப்பூட்டுகின்றன என்று வெளிப்படையாகவே சொல்லி, காற்றில் திரும்பி உதைக்கும் ஒருவகை உதையைச் சேர்த்தால்தான் மேடை தரப்படும் என்று ஓர் அமைப்பாளர் நிபந்தனை விதித்தார். ஆசான் மறுத்தும் அந்த நிபந்தனையே வென்றது. இரண்டாம் ஆண்டில் இருந்த மாணவர்கள் சில வாரங்களிலேயே அந்த உதைக்குத் தயாரிக்கப்பட்டனர். ஒற்றைக்காலில் இறங்கும்போது பாதம் ஒரு திசையிலும் இடுப்பு மறு திசையிலும் நிற்குமானால், முறுக்கு முழுவதும் முழங்கால் மூட்டில் விழுகிறது. மூட்டுக்குள் இருக்கும் இணைப்புநார்கள் அதைத் தாங்குவதற்கு, இறங்கும் கால் எத்திசையை நோக்க வேண்டும் என்பது உடலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதைத் தெரிவிப்பதுதான் சுவடு. அந்த அறிவு வருவதற்கு முன்பே மேடையேற்றப்பட்டவர்களுள் கட்டுரையாசிரியரும் ஒருவர், வலது முழங்கால் இன்றும் படியிறங்கும்போது அதை நினைவூட்டுகிறது. காயத்திருமேனி எண்ணெயிட்டுத் தடவி, கட்டுக் கட்டி, மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த காலத்தில் அந்த அமைப்பாளர் ஒருமுறையும் வந்து பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது முறையற்றதாகாது. 2020இல் வெளிவந்த பட்டாஸ் திரைப்படம் அடிமுறையின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது நல்லதே. ஆனால் திரையில் கண்ட அடியைக் கேட்டுக்கொண்டு களரிக்கு வரும் இளைஞரை ஓராண்டு ஒற்றைச்சுவட்டில் நிறுத்தும் மனவுறுதி ஆசானுக்கு வேண்டும்.

காயம் சில வேளைகளில் கைவந்த அடியைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க உதைக்குத்துச் சண்டை வீரர் பில் வாலஸ். யூடோ பயிற்சியில் வலது முழங்கால் கெட்டுவிட, அவர் உதைப்பதை முழுவதும் இடது காலுக்கு மாற்றிக்கொண்டு, அந்த ஒரே காலால் 1974இல் உலகப் பட்டம் வென்று, 1980இல் தோல்வியறியாதவராக ஓய்வு பெற்றார். எந்தக் கால் வரும் என்பது எதிராளிகள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் தடுக்க இயலாமைக்குக் காரணம், முழங்காலை உயர்த்தும் ஒரே தொடக்கத்திலிருந்து மூன்று வேறு உதைகளை அவர் பிரித்தெடுத்ததே. பூட்டைக் கைவந்ததாகக் கொண்டவரும் இதையே செய்ய வேண்டும்: மணிக்கட்டைப் பற்றும் தொடக்கம் ஒன்றாகவே இருக்க, முழங்கையில் பூட்டுவது, தோளில் பூட்டுவது, பூட்டாமல் விட்டுக் குத்துவது என்று முடிவுகள் மூன்றாகப் பிரிய வேண்டும். இவற்றுடன் பிரிவையும், அதாவது தன்மேல் விழுந்த பூட்டிலிருந்து கழன்றுகொள்ளும் முறையையும், சேர்த்தே பயில வேண்டும். தன் பூட்டின் பிரிவை அறியாதவர் அந்தப் பூட்டைப் பாதிதான் அறிந்தவர்.

ஜப்பானிய யூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிதாவின் வரலாறு மற்றொன்றை உணர்த்துகிறது. எதிராளியின் காலை வெளிப்புறத்திலிருந்து தன் காலால் வாரிச் சாய்க்கும் ஒசோத்தோகாரி அவருக்குக் கைவந்த எறிமுறை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வலது கெண்டைக்கால் தசை கிழிந்து, நொண்டியபடியே இறுதிப் போட்டிக்கு வந்தபோது, எகிப்தின் முகமது ரஷ்வானைத் தரையில் அழுத்திப் பிடித்துத் தங்கம் வென்றார். கைவந்த முறைக்கு உடல் ஒத்துழைக்காத நாளுக்கென்று இன்னொரு முறையை அவர் முன்பே சேர்த்து வைத்திருந்தார்.

வர்மம் எனப்படும் உயிர்நிலையில் அடிப்பதைத் தமது கைவந்த அடி என்று சொல்லிக்கொள்வோர் இப்போது பெருகியுள்ளனர். அகத்தியர் பெயரில் வழங்கும் மரபு, உடலில் 108 வர்மங்களைக் கூறி, அவற்றுள் 12ஐ உயிருக்கே தீங்கு விளைக்கும் படுவர்மங்கள் என்றும் 96ஐத் தொடுவர்மங்கள் என்றும் வகுக்கிறது. புருவங்களுக்கிடையே உள்ள திலர்த வர்மத்தில் விளையாட்டாகக்கூட விரல் வைக்கக் கூடாது என்று ஆசான்மார் தடுப்பது இதனாலேயே. வர்மத்தில் அடிபட்டு மயங்கியவரைத் தட்டி எழுப்புவதற்குரிய இடங்களுக்கு அடங்கல் என்று பெயர். அடங்கல் தெரியாத ஒருவர், அசையாமல் நிற்கும் தம் மாணவரின் நெஞ்சில் ஒரு விரலால் தொட்டு வீழ்த்திக் காட்டுவது கலைக்குச் செய்யும் இழிவு. எதிர்த்து நகரும் உடலில் விரலளவுள்ள ஓர் இடத்தைத் தேடிச் சென்று அடிப்பது மிக அரிது. அதற்கும் முதலில் எதிராளியின் கையை அடக்க வேண்டும், அடக்குவதற்குச் சுவடு வேண்டும்.

கைவந்த அடியைத் தேடும் வாசகர், மாலையில் தோட்டத்துக்குள் ஈரமண்ணில் செருப்பில்லாமல் நின்று, ஒற்றைச்சுவட்டை இடமும் வலமும் சம அளவில் செய்துவிட்டு, பிறகு எதை அடிப்பேன் என்று சொல்லாமல் அடிக்கும் துணைவர் ஒருவரை எதிரே நிறுத்திக்கொள்வாராக. எந்தத் தடுப்பு, எந்தப் பிடி எண்ணாமலே வருகிறது என்பதைத் தாமே மதிப்பிடாமல் ஆசானிடம் பார்த்துச் சொல்லுமாறு கேட்க வேண்டும். தமக்குப் பிடித்ததும் தமக்கு வருவதும் ஒன்றல்ல என்பதைப் பயில்பவரால் எளிதில் காண இயலாது. ஆசான் ஒன்றைச் சுட்டிய பின்னரும் ஓராண்டுக்கு அதை மேடைக்குக் கொண்டுசெல்லாதிருப்பது நலம், எந்த அமைப்பாளர் கேட்டாலும்.