டிராக்டரின் மின்பழுதுகள்: காரணம் அறிந்து களைதல்

மழை பெய்து நிலத்தில் ஈரம் பிடித்தவுடன் உழவு தொடங்கியாக வேண்டும். ஈரம் இரண்டொரு நாளில் காய்ந்துவிடும். பருவம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அத்தகைய நாளில் டிராக்டரின் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டு எஞ்சின் அசையாது நின்றுவிடுமானால், நிற்பது ஒரு குடும்பத்தின் வேலை மட்டுமன்று. அந்த டிராக்டரை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் பல குடும்பங்களின் வேலையும் நின்றுபோகிறது.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டில் பரீதாபாத்தில் டிராக்டர் உற்பத்தி தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. அன்று தொட்டு எஞ்சினைப் பற்றியும், எண்ணெய் மாற்றுவதைப் பற்றியும், கலப்பை பூட்டுவதைப் பற்றியும் நம் உழவர்கள் கற்றறிந்தவை ஏராளம். ஆயினும் மின் அமைப்பு மட்டும் பலருக்கு இன்னும் புரியாத புதிராகவே இருந்து வருகிறது. ‘செல்ப்’ எடுக்கவில்லை என்றால் உடனே புதிய பாட்டரி வாங்குகிறோம். நான்கு நாள் கழித்து அதுவும் எடுக்காமற் போகிறது. உண்மையில் பழுது, தளர்ந்துபோன ஒரு பெல்ட்டிலோ, பூத்துப்போன ஒரு முனையிலோ இருந்திருக்கும். பழுதின் இடத்தை அறிந்த பின்னரே பணத்தைச் செலவிட வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் பாடமாகும்.

மின்சாரம் செல்லும் பாதை

ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்காலில் ஓரிடம் தூர்ந்திருந்தால் கடைமடைக்குப் போதிய நீர் வந்து சேராது. மின்சாரமும் அத்தகையதே. பாட்டரி ஏரியைப் போன்றது, தடித்த கம்பிகள் வாய்க்கால்கள், சுவிட்சுகள் மதகுகள். ஆனால் ஒரு வேற்றுமையை நாம் மறக்கலாகாது. வாய்க்கால் நீர் வயலில் பாய்ந்து அங்கேயே நின்றுவிடும். மின்சாரமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தாக வேண்டும். டிராக்டரில் அது திரும்பிவரும் பாதை எஞ்சினின் இரும்புடலும் சட்டமுமே ஆகும். இதனையே ‘எர்த்’ என்கிறோம். போகும் பாதையைச் சோதிக்கும் பலர் திரும்பும் பாதையைச் சோதிப்பதில்லை. பழுது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பாட்டரியின் மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர், அதாவது நாம் வழக்கில் ‘டைனமோ’ என்று சொல்லும் கருவி, செலவான மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திரும்ப ஊட்டுகிறது. எனவே பாட்டரி, ஸ்டார்ட்டர், டைனமோ ஆகிய மூன்றையும், இவற்றை இணைக்கும் கம்பிகளையும் முறையாக ஆராய்ந்தால் பெரும்பாலான பழுதுகள் புலப்பட்டுவிடும்.

தேவையான கருவிகள்

மல்டிமீட்டர் ஒன்று, 12 வோல்ட் சிறு பல்பில் இரண்டு கம்பிகள் இணைத்த சோதனை விளக்கு ஒன்று, ஸ்பானர்கள், கம்பித் தூரிகை, உப்புத்தாள், சமையல் சோடா, வாசலின் ஆகியவை போதும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.ஸி. அளவில் வைத்தே சோதிக்க வேண்டும். ஆம்பியர் அளவில் வைத்துப் பாட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் மீட்டர் கருகிப்போகும். கைக்கும் தீங்கு நேரலாம்.

முதற் சோதனை: பாட்டரி

டிராக்டர் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பின், எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பாட்டரியில் முழு மின்னேற்றம் உள்ளது. 12.2 வோல்ட் ஏறக்குறைய பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கிவிட்டால் மின்னேற்றம் செய்த பின்னரே மற்றச் சோதனைகளைத் தொடர வேண்டும். மின்னேற்றம் செய்து ஓர் இரவு வைத்த பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நிற்குமாயின், ஆறு அறைகளுள் ஒன்று கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய பாட்டரியை மாற்றுவதே வழி.

மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டர் கொண்டும் சோதிக்கலாம். நன்கு மின்னேறிய அறையில் ஒப்படர்த்தி 1.260 அளவில் இருக்கும். ஐந்து அறைகள் ஒரே அளவைக் காட்ட, ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்து நின்றால் அந்த அறையில் பழுது உண்டு. தகடுகள் மூழ்கி அவற்றின் மேல் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டும். குறைந்தால் கடைகளில் கிடைக்கும் பாட்டரி தண்ணீரை, அதாவது காய்ச்சி வடித்த நீரை, மட்டுமே ஊற்றலாம். ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றுவதும் தவறு. ஆவியாகிக் குறைவது நீரேயன்றி அமிலம் அன்று.

அடுத்து முனைகளைக் கவனிப்போம். வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே மின்சாரம் தடைப்படும். முதலில் எதிர்முனைக் கம்பியையும், பின்னர் நேர்முனைக் கம்பியையும் கழற்ற வேண்டும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, அது பாட்டரியின் அறைகளுக்குள் புகாதவாறு கழுவி, உலர்த்தி, ஈயம் பளிச்சிடும் வரை தேய்த்து, பூட்டும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்ட வேண்டும். முறுக்கிய பின் மேலே வாசலின் தடவுவது நலம்.

மின்னேறும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிப்படும். ஆதலின் அதன் அருகே பீடி, தீக்குச்சி முதலியன கூடா. அமிலம் கண்ணிற் பட்டால் நிறைந்த தண்ணீரால் கால் மணி நேரமேனும் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செல்ப் எடுக்காதபோது ஓசையைக் கேட்க

கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை இறுக்கி, இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பும்போது கேட்கும் ஓசையே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

1. ‘டக டக டக’ என்று விரைவாக அடித்தால், பாட்டரியில் போதிய மின்சாரம் இல்லை. அல்லது முனைகள் தளர்ந்துள்ளன.

2. ஒரே முறை ‘டக்’ என்று பலமாகக் கேட்டு மோட்டார் சுழலாவிட்டால், சோலினாய்டு வேலை செய்கிறது. ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் சென்று சேரவில்லை, அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன.

3. ஓசையே இல்லாவிட்டால், சாவி சுவிட்சு, பியூஸ், ரிலே, கிளச் அல்லது நியூட்ரல் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவற்றுள் ஒன்றில் இணைப்பு அறுந்திருக்கிறது. சோலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பியிற் சோதனை விளக்கின் ஒரு நுனியையும், எஞ்சின் உடலில் மறு நுனியையும் வைத்து, மற்றொருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பும்போது பார்க்க வேண்டும். விளக்கு எரியாவிடில் அறுந்த இடம் அதற்கு முன்னேயுள்ளது.

கம்பியில் ஏற்படும் தடையை அறிதல்

பாட்டரி நன்றாயிருந்தும் மோட்டார் சோர்ந்து சுழன்றால், தடித்த கம்பிகளைச் சோதிக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் நன்றாய் இருக்கும் கம்பியும் உள்ளே அரித்திருக்கக்கூடும். ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை இழுப்பதால், சிறிய தடையும் பெரிய இடையூறாகிவிடுகிறது.

எஞ்சின் கிளம்பிவிடாதவாறு ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்யலாம். மீட்டரின் ஒரு நுனியைப் பாட்டரியின் நேர்முனை ஈயத்திலும், மற்றதை ஸ்டார்ட்டரில் அக்கம்பி வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து, உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அப்பாதையில் ஏதோ ஓர் இணைப்பு பழுதடைந்துள்ளது. பின்னர் எதிர்முனை ஈயத்திற்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அவ்வாறே சோதிக்க வேண்டும். இங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றி, துருவும் வண்ணமும் நீங்கத் தேய்த்து மீண்டும் முறுக்க வேண்டும். ஒரு போல்ட்டைச் சுத்தம் செய்வதால் தீரும் பழுதுக்குப் புதிய மோட்டார் வாங்கிய செலவு வீண் செலவேயன்றோ!

சாவியைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் திருப்பி வைக்கலாகாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே அரை நிமிடமேனும் ஓய்வு தராவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

மின்னேற்றத்தைச் சோதித்தல்

எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். எஞ்சின் ஓடியும் 12.5 வோல்ட்டிலேயே நின்றால் டைனமோ மின்சாரம் தரவில்லை என்பது பொருள். முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தாழ்வது சரியான இறுக்கம். பெல்ட் சரியாயிருந்து, இணைப்புகளும் சரியாயிருந்தால் மட்டுமே டைனமோவைக் கழற்ற வேண்டும். அதற்கு மாறாக 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டரில் பழுது. அதனை விட்டுவைத்தால் பாட்டரி கொதித்து நீர் வற்றிவிடும்.

டைனமோவைச் சோதிப்பதாக எண்ணி, எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பழைய காலத்து டைனமோக்களுக்கு ஏற்றதாகக் கருதப்பட்ட அம்முறை, இக்காலத்து ஆல்டர்னேட்டரின் டயோடுகளை ஒரு நொடியில் அழித்துவிடும். டிராக்டரோடு இணைந்த கலப்பையிலோ டிரெயிலரிலோ வெல்டிங் செய்யும்போதும் பாட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிடுவது அவசியம்.

இரவில் நிறுத்திய டிராக்டர் காலையில் எடுக்காமற் போவதும் உண்டு. எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே சோதனை விளக்கை இணைத்தால், சாவி அணைந்துள்ள நிலையில் விளக்கு பிரகாசமாக எரியக்கூடாது. எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துவர, எதை எடுக்கும்போது விளக்கு அணைகிறதோ அந்தப் பாதையிலேயே பழுது உள்ளது. எலி கடித்த கம்பிகளை அப்போது நன்கு தேடிப் பார்க்க வேண்டும்.

பியூஸும் டிரெயிலர் விளக்குகளும்

பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். தகடு வடிவிலுள்ள பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியரைக் குறிக்கும். கம்பித் துண்டையோ சிகரெட் தாளையோ வைத்துச் சமாளித்தால், பியூஸ் எரிவதற்குப் பதிலாகக் கம்பிக் கட்டு முழுதும் எரிந்துபோகும்.

டிரெயிலரின் பின்விளக்குகள் மங்குவதும், ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மினுக்குவதும் பெரும்பாலும் எர்த் பழுதால் நேர்வன. கொக்கியின் ஆணி வழியாகவே மின்சாரம் திரும்ப வேண்டியிருந்தால், துருவும் மண்ணும் அதனைத் தடுக்கும். டிராக்டர் சட்டத்திலிருந்து டிரெயிலருக்குத் தனி எர்த் கம்பி இழுத்துவிட்டால் இக்குறை தீரும். கரும்போ நெல்லோ ஏற்றி இரவில் சாலையில் செல்லும் டிரெயிலருக்குப் பின்விளக்கு இல்லாமையால் பின்னே வரும் வண்டி வந்து மோதுகிறது. ஆகவே இதனைச் சிறு குறை என்று தள்ளிவிடலாகாது. சிவப்பு எதிரொளிப்பான்களையும் உடன் ஒட்டி வைக்க வேண்டும்.

ஒருபோதும் செய்யத்தகாதது

சாவியில் எடுக்காத டிராக்டரைத் தரையில் நின்றபடியே ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டரின் முனைகளைத் தொட்டுக் கிளப்புவது பல ஊர்களில் கைவந்த பழக்கமாகிவிட்டது. இது உயிரோடு விளையாடுவதாகும். கியர் விழுந்திருந்தால் எஞ்சின் கிளம்பிய அக்கணமே டிராக்டர் நகரும். தொட்டவர் நிற்பதோ சக்கரங்களுக்கு இடையே. விலகுவதற்கு அவருக்கு அவகாசம் கிடைப்பதில்லை. பின்சக்கரம் அவர்மேல் ஏறிவிடும். கிளச்சை மிதித்தால்தான், அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும் என்ற பாதுகாப்புச் சுவிட்சை அமைத்திருப்பது இதனைத் தடுப்பதற்கே. அச்சுவிட்சு கெட்டால் புதிதாக மாற்ற வேண்டுமேயன்றி, இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடலாகாது. மேற்கூறிய மூன்றாவது சோதனையை அறிந்தவருக்கு ஸ்குரூ டிரைவரின் துணை தேவைப்படாது.

அண்மைக்காலத்து டிராக்டர்கள் சிலவற்றில் எரிபொருளை மின்னணுக் கருவி கட்டுப்படுத்துகிறது. அவற்றில் பாட்டரி, முனை, எர்த், பியூஸ் ஆகியவற்றோடு நாம் நின்றுவிட்டு, மற்றதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே தகும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

குப்பை அகற்றவோ குடிநீர் வழங்கவோ டிராக்டர் வைத்திருக்கும் ஊராட்சிகள், வாகனப் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் ஒரு முறை பாட்டரியின் வோல்ட், எஞ்சின் ஓடும்போதுள்ள வோல்ட், பெல்ட், பின்விளக்கு ஆகிய நான்கையும் குறித்து வரலாம். சென்ற மாதம் 12.6 ஆக இருந்தது இம்மாதம் 12.3 ஆகிவிட்டது என்பதைப் பதிவேடு காட்டினால், பழுது முற்றுமுன்னரே அதனைத் தேடத் தொடங்கலாம். பட்டியலில் பாட்டரி வாங்கக் கோரிக்கை வரும்போது, அளந்து பார்த்த எண்கள் என்ன என்று உறுப்பினர்கள் கேட்பது பொதுப்பணத்தைக் காப்பதாகும். மல்டிமீட்டர் ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைத்து, பருவம் தொடங்குமுன் ஒரு நாள் டிராக்டர் வைத்திருப்போரைக் கூட்டிச் செய்முறை காட்டச் செய்தால் பயன் பெரிது.

தேய்ந்த பாட்டரிகளை ஊரிலேயே உடைக்க விடலாகாது. அவற்றிலுள்ள ஈயமும் அமிலமும் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையும் ஈயம் பாதிக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை முறையான மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுவது எளிய வழி.

பயிரில் நோய் கண்டால் இலையையும் தண்டையும் வேரையும் பார்த்த பின்னரே மருந்து வாங்குகிறோம். அந்த நிதானத்தையே டிராக்டரிடமும் காட்டுவோம். முதலில் பார்த்தல், பின் சுத்தம் செய்தல், பின் அளத்தல், அதன்பின்னரே வாங்குதல் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால், பருவத்தில் உழவு தவறாது, கைப்பொருளும் மிஞ்சும், உயிருக்கும் ஊறு நேராது.