மழையோடு போகும் மணிச்சத்து

பயிர்களுக்குப் பெருமளவில் தேவைப்படும் ஊட்டங்கள் மூன்று. தழைச்சத்து இலையைச் செழிக்கச் செய்கிறது. சாம்பல்சத்து பயிருக்கு உறுதியளிக்கிறது. மணிச்சத்து வேரை ஊன்றச் செய்கிறது. மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். பல்லாண்டுகளாகக் கிறிஸ்மஸ் தீவிலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்த பாறைப் பாஸ்பேட் இச்சத்தைத் தரும் உரமே. நாம் இடும் மணிச்சத்து முழுவதும் மரத்தைச் சேர்கிறதா? சேராதது எங்கே போகிறது? தோட்டத்தில் உழைப்போர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

நெகிரி செம்பிலானின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பல, மேடும் பள்ளமுமான செம்மண் நிலத்தில் அமைந்தவை. இம்மண் புளிப்புத் தன்மையுடையது. இதில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. இவை மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மழைநீரில் கரைந்து எளிதில் அடிமண்ணுக்கு இறங்குவதைப் போல் மணிச்சத்து இறங்குவதில்லை. மணற்பாங்கான நிலத்திலும் கரிமண் நிலத்திலும் மட்டுமே அது கரைந்து இறங்கும் அபாயம் அதிகம்.

அவ்வாறாயின் செம்மண்ணில் இழப்பே இல்லையா? உண்டு. மணிச்சத்தைப் பற்றியிருக்கும் மண்ணே அடித்துச் செல்லப்படும்போது, சத்தும் உடன் போகிறது. ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் அரிக்கப்பட்டால், ஏறத்தாழ 12 டன் மண் போய்விடும். மேலும், மழைநீர் முதலில் இழுத்துச் செல்வது நுண்ணிய மண்துகள்களையே. சத்து மிகுதியாக ஒட்டியிருப்பதும் அவற்றில்தான்.

இதற்கு நம் தோட்ட வரலாறே சான்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர் நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல நிர்வாகம் எனக் கருதப்பட்டது. நம் முன்னோர் நாள்தோறும் புல்வெட்டி அவ்வாறே நிலத்தைத் துப்புரவாக வைத்தனர். வெறுமையான சரிவுகளில் மழை விழுந்தது, மேல்மண் கரைந்தது, ஆறுகள் சிவந்து தூர்ந்தன. 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், நிலத்தை மூடி வைக்கும் முறையை ஆராய்ந்து பரப்பியது. பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய பயற்றினக் கொடிகள் தோட்டங்களில் படர்ந்தன. சரிவு நிலங்களையும் மண்ணையும் காக்க 1960-இல் நிலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

மண் போனால் நட்டம் தோட்டத்திற்கு மட்டுமன்று. சிரம்பான் பகுதி நீர் லிங்கி ஆற்றில் சேர்கிறது. கோலப்பிலா, பகாவ் பகுதிகளின் நீர் மூவார் ஆற்றில் சேர்கிறது. ஆற்றுநீரே குழாய்வழி நம் வீடுகளுக்கும் வருகிறது. நீர்த்தேக்கத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 0.1 மில்லிகிராம் மணிச்சத்து இருந்தாலே பாசி பெருகக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ மணிச்சத்து ஒரு கோடி லிட்டர் நீரை அந்நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைகிறது, மீன்கள் மடிகின்றன. வட அமெரிக்காவின் ஈரி ஏரி 1960-களில் இவ்வாறே சீர்கெட்டது.

மண்ணைக் கிளறுதலிலும் அளவறிதல் வேண்டும். உரத்தை மண்ணோடு கலந்தால், மேலோடும் நீர் அதனை எளிதில் அள்ளிச் செல்லாது. ஆகவே கன்று நடும் குழியில் பாறைப் பாஸ்பேட்டைக் கலந்திடுவது சிறந்த முறை. ஆனால் சரிவு நிலம் முழுவதையும் கிளறிவிட்டால், தளர்ந்த மண் அடுத்த மழைக்கே ஓடிவிடும். மறுநடவுக் காலத்தில் இவ்வபாயம் மிகுதி.

எனவே கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. மறுநடவில் நிலம் வெறுமையானவுடன் பயற்றினக் கொடிகளை விதைத்தல்.

2. சரிவுக்குக் குறுக்கே படிமேடைகள் வெட்டுதல்; செம்பனை மட்டைகளையும் குறுக்கே அடுக்குதல்.

3. மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்திற்கும் நடைபாதைக்கும் மட்டும் புல் மருந்து அடித்தல்; மற்ற இடங்களில் மென்மையான புல்லை விட்டுவைத்தல்.

4. கனமழை வரும் அறிகுறி தெரிந்தால் உரமிடுவதைத் தள்ளிவைத்தல். மண்ணையும் இலையையும் சோதித்துத் தேவையான அளவே இடுதல்.

5. ஓடைக் கரையோரம் உரமிடாது விடுதல். உரச் சாக்குகளை ஓடையில் அலசாதிருத்தல்.

உரத்தின் அளவை நிர்வாகம் முடிவு செய்யலாம்; அதனை எங்கே, எவ்வாறு தூவுவது என்பது தொழிலாளர் கையில் உள்ளது. உரத்தை மீண்டும் விலைக்கு வாங்கலாம்; கரைந்தோடிய மேல்மண்ணை எக்கடையிலும் வாங்க இயலாது. அடுத்த மழைக்குப் பின் உங்கள் தோட்டத்து ஓடையைச் சற்று நின்று பாருங்கள். நீர் சிவந்து ஓடினால், நம் மண்ணும் அதில் நாமிட்ட மணிச்சத்தும் போய்க்கொண்டிருக்கின்றன என்று அறிக.