வாளிக்குள் ஒரு குளம்

முதல் மழை பெய்து ஓய்ந்த இரவில் தவளைகளின் குரல் எழும். வீடுகள் நெருங்கி நிற்கும் பெங்களூருவின் ஆஸ்டின் டவுனிலும் அக்குரலைக் கேட்கலாம். வீடு கட்டத் தோண்டிய பள்ளமும், மூடாத சிமென்டுத் தொட்டியும், தெருவோர மழைக்குட்டையுமே அங்குள்ள தேரைகளுக்குக் குளம். தேரை தன் முட்டைகளை நீண்ட கூழ்நூலில் கோத்த கருமணிகளைப் போல இடும். ஒரு தேரை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆயினும் அவற்றுள் மிகச் சிலவே வளர்ந்து தேரையாகும். சில நாள்களில் முட்டைகளிலிருந்து கரிய சிற்றுயிர்கள் வெளிவரும். அவற்றைத் தமிழில் தலைப்பிரட்டை என்கிறோம். நம் கன்னட நண்பர்கள் கொதமொட்டெ என்பர்.

தம்பி செய்த பிழை

அப்பகுதியில் ஓர் அக்காளும் தம்பியும் வாழ்ந்தனர். ஒருநாள் தம்பி கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்று தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்தான். குழாயைத் திறந்து புட்டியில் புதுநீர் நிரப்பினான். அவற்றுக்குப் பசிக்குமே என்று எண்ணி ஒரு பிடி சோற்றையும் இட்டான். மறுநாள் காலையில் நீர் கலங்கி நாற்றம் வீசியது. மூன்றும் இறந்து மிதந்தன.

"நான் நன்றாகத்தானே பார்த்துக்கொண்டேன், பாட்டி?" என்று கேட்டுத் தம்பி அழுதான்.

"அன்பாகத்தான் பார்த்துக்கொண்டாய், கண்ணு. ஆனால், நீ உண்பதை அதற்குக் கொடுத்தாய். அது எதை உண்ணும் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டாமா?" என்றார் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்த பாட்டி.

அந்த வாரமே, முட்டைகள் பொரிந்திருந்த பள்ளத்தை இரண்டு நாள்களில் மூடிவிடப்போவதாக வேலையாள்கள் கூறினர். அக்காள் பெரியவர்களின் துணையுடன் சென்று பத்துக் குஞ்சுகளை மட்டும் எடுத்துவந்தாள். பள்ளத்து நீரையும் ஒரு வாளியில் கொணர்ந்தாள். இம்முறை இருவரும் ஆசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே பணியைத் தொடங்கினர்.

நீர்

பெங்களூருவின் குழாய்களில் வரும் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து குழாய்வழியே மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. நோய்க்கிருமிகள் அழிவதற்காக அதில் குளோரின் கலக்கப்படுகிறது. அந்த அளவு நமக்குத் தீங்கு செய்யாது. ஆனால், செவுள்களால் மூச்சுவிடும் தலைப்பிரட்டைக்கு அதுவே நஞ்சாகும். எனவே, குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுவதும் திறந்து வைத்தல் வேண்டும். குளோரின் காற்றில் கலந்து நீங்கிவிடும். தூய மழைநீரையும் பயன்படுத்தலாம்.

ஐந்து லிட்டர் நீரில் ஐந்தாறு தலைப்பிரட்டைகளுக்குமேல் விடலாகாது. ஆகவே, அக்காள் இரண்டு அகன்ற வாளிகளைப் பயன்படுத்தினாள். வெயில் நேரடியாகப் படாத இடத்தில் அவற்றை வைத்தாள். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை நீரில் மூன்றில் ஒரு பங்கை அகற்றி, திறந்து வைத்திருந்த நீரைச் சேர்த்தாள். தேங்கிய நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும் என்பதால், வாளிகளின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டினாள்.

உணவு

பொரிந்தவுடன் குஞ்சுகள் கூழின்மீதும் இலைகளின்மீதும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் வாய் அப்போது இன்னும் திறந்திராது. வயிற்றிலுள்ள மஞ்சள்கருவே அவற்றுக்கு உணவு. அசையவில்லையே என்று அஞ்சி அப்போது இரையிட்டால், அது உண்ணப்படாமல் அழுகும். அழுகும் பொருள் நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கும். குஞ்சுகள் மூச்சுமுட்டி இறக்கும். தம்பியின் புட்டியில் குளோரினும் அழுகிய சோறும் சேர்ந்தே தீங்கு விளைத்தன.

சில நாள்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதுவே உணவளிக்கத் தக்க காலம். நீருக்கடியில் கற்களின்மேல் படியும் பாசியே அவற்றின் இயற்கை உணவு. சிறிய கடிய வாயால் அதைச் சுரண்டி உண்ணும். வீட்டில் முட்டைக்கோஸ் இலையை மென்மையாக வேகவைத்து, ஆறியபின் நகத்தளவு துண்டாக இடலாம். பசலை, பாலக் போன்ற கீரைகளில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. ஆதலால் அவற்றை நாள்தோறும் இடுதல் நன்றன்று. வாரம் ஒருமுறை, அவித்த முட்டையின் மஞ்சள்கருவைக் குண்டூசித் தலையளவு தரலாம். சோறு, ரொட்டி, பிஸ்கட்டு ஆகியவை வேண்டா. மாலையில் எஞ்சிய துண்டுகளை எடுத்துவிட வேண்டும். "குறைவாகக் கொடு; மிஞ்சியதை எடு" என்று தம்பி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான்.

உருமாற்றம்

தலைப்பிரட்டையின் வயிற்றை உற்றுநோக்கினால் சுருள் சுருளாகக் குடல் தெரியும். பாசியும் இலையும் செரிப்பதற்கு நீண்ட குடல் தேவை. வளர்ந்த தேரையோ பூச்சிகளை உண்ணும். ஆகையால் உருமாற்றத்தின்போது அக்குடல் குறுகிவிடும். முதலில் பின்கால்களும் பிறகு முன்கால்களும் தோன்றும். முன்கால்கள் வெளிவந்த நாள்களில் அது இரையுண்பதை நிறுத்தும். சுருங்கும் வாலே அதற்கு உணவாகும். அப்போது செவுள் மறைந்து நுரையீரல் இயங்கும். ஏறிநிற்க இடமில்லையெனில், நீரில் பிறந்த அவ்வுயிர் நீரிலேயே மூழ்கி இறக்கும். எனவே, அக்காள் நீர்மட்டத்தைக் குறைத்துச் சாய்வான கல் ஒன்றை ஒவ்வொரு வாளியிலும் வைத்தாள்.

விடைகொடுத்தல்

ஏறக்குறைய ஆறு வாரங்களில் அவை நகத்தளவு தேரைகளாயின. பத்தில் மூன்று இடையிலேயே இறந்தன, ஏழு பிழைத்தன. எடுத்த இடத்திலேயே விடுதல் முறை. வேறோர் இடத்தில் விட்டால் நோய் பரவக்கூடும். ஆனால், அப்பள்ளத்தின்மேல் இப்போது கான்கிரீட் பரவியிருந்தது. ஆதலால் அதற்கு மிக அண்மையில், ஈரமும் செடிகளும் நிறைந்த ஒரு மூலையில் மாலை நேரத்தில் அவற்றை விட்டனர். "ஒன்றையாவது வைத்துக்கொள்வோமே" என்றான் தம்பி. "அது நம்முடையதன்று, இந்தத் தெருவினுடையது" என்றாள் அக்காள். தேரையின் தோலில் நச்சுத்தன்மை உண்டு என்பதால் இருவரும் கைகளைச் சோப்பினால் கழுவிக்கொண்டனர்.

தவளைகளும் தேரைகளும் பயிரை அழிக்கும் பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவுகின்றன. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால்கள் பெருமளவில் ஏற்றுமதியாயின. 1987-இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. பெங்களூருவின் புறநகரில் கண்டறியப்பட்ட மண் தோண்டும் தவளையினம் ஒன்றுக்கு, 2020-ஆம் ஆண்டில் அறிவியலாளர் ஸ்ஃபேரோதீகா பெங்களூரு என இந்நகரின் பெயரையே சூட்டினர்.

அடுத்த மழையிரவில் தம்பி சன்னலருகே நின்று நெடுநேரம் செவிமடுத்தான். "நம் தேரைகள் கத்துகின்றனவா, பாட்டி?" என்று கேட்டான். "அவை இன்னும் சிறியவை, கண்ணு. வளரட்டும், காத்திரு" என்றார் பாட்டி.

அருஞ்சொற்பொருள்

செவுள் – நீரில் மூச்சுவிட உதவும் உறுப்பு
உயிர்வளி – ஆக்சிஜன்
உருமாற்றம் – வடிவம் மாறுதல்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. குழாய்நீரை ஒருநாள் திறந்து வைப்பது ஏன்?
2. பொரிந்த குஞ்சுகளுக்கு உடனே இரையிடலாகாது, ஏன்?
3. வாளிக்குள் கல் வைக்கப்பட்டதன் காரணம் யாது?

ஆ. பிரித்து எழுதுக: மழைக்குட்டை, சிற்றுயிர், மஞ்சள்கருவே.

இ. சிந்தித்து எழுதுக: "அது நம்முடையதன்று, இந்தத் தெருவினுடையது" என்று அக்காள் கூறியது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. வீட்டில் கேட்டு வருக: உம் தாத்தா, பாட்டியின் ஊரில் தவளைகளுக்கும் தேரைகளுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து எழுதுக.