உத்தியோகஸ்தர் பேச்சைப் பதிவு செய்யலாமா?

கடனுக்கும் மானியத்துக்கும் பட்டா மாறுதலுக்கும் சர்க்கார் அலுவலகப் படி ஏறாத அங்கத்தினர் நம்மிடையே அரியர். அங்கே ஒருவர் லஞ்சம் கேட்டால், அவர் பேச்சை நம் கைபேசியில் பதிவு செய்யலாமா? அதற்கு அவருடைய சம்மதம் வேண்டுமா? இவ்விரு வினாக்களையும் இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

1964-ஆம் ஆண்டில் பம்பாய் நகரின் மரண விசாரணை அதிகாரி, ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்டார். இடைநின்று பேசிய மற்றொரு மருத்துவர், தம் தொலைபேசியில் ஒலிப்பதிவுக் கருவியை இணைக்கப் போலீஸாருக்கு இசைந்தார். அதிகாரி இதனை அறியார். மால்கானி வழக்கு எனப்படும் இதில், 1972-இல் உச்ச நீதிமன்றம் அப்பதிவைச் சாட்சியமாக ஏற்றது. பேசிய இருவரில் ஒருவரின் இசைவே போதுமானதாயிற்று. ஆயினும் குரல் இன்னாருடையது என்பதும், பேச்சு வழக்கைச் சார்ந்தது என்பதும், பதிவில் எதுவும் அழிக்கப்படவில்லை என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ராஜகோபால் வழக்கில், 1994-இல் அதே நீதிமன்றம் வேறொரு தெளிவு தந்தது. பதவிக் கடமையைச் சார்ந்த செயல்களில் உத்தியோகஸ்தர் அந்தரங்க உரிமை கோர இயலாது. ஆனால் உண்மையை ஆராயாது பழி பரப்புவோருக்கு இத்தீர்ப்பு அரணாகாது.

எல்லையும் உண்டு. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். உத்தியோகஸ்தரின் வீடும் குடும்பமும் அவருடையவை. பிறர் இருவர் பேசுவதை மூன்றாமவர் ஒட்டுக்கேட்பது முற்றிலும் வேறு செயல். அலுவலகத்தில் நமக்கு முன் நிற்கும் விதவையின் மனுவும் கண்ணீரும் நம் பதிவில் விழலாகாது.

ஆகவே அங்கத்தினர் நினைவில் வைக்க வேண்டியவை:

1. நாம் பங்குகொண்ட பேச்சை மட்டுமே பதிவு செய்வோம்.

2. பதிவை வெட்டாமல், பதிவான கைபேசியிலேயே காப்போம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது.

3. ஊரெங்கும் பரப்பாமல் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் ஒப்படைப்போம்.

இறுதியாக ஒன்று. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி, சர்க்கார் நிதியுதவி பெறும் விவசாய, தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவரும் காரியதரிசியும் ஏனைய நிர்வாகிகளும் பொது ஊழியரே. பிறருக்கு நாம் வகுக்கும் விதி நம் சங்க மேசைக்கும் பொருந்தும். அங்கத்தினர் கேட்க, அஞ்சாமல் பேசத்தக்க பேச்சையே நிர்வாகிகளாகிய நாமும் பேசுவோமாக.