கலவை ரூமுக்குள் போகுமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். போர்ச்சுகலின் நசாரே கடற்கரையில் 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய அலை அது. 86 அடி என்று பின்னால் அளந்து சாதனையாகப் பதிந்தார்கள். வீடியோவுக்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் எனக்கு முக்கியம்: “இவனுங்க விளையாட்டுக்கு உயிரைக் கொடுக்கிறானுங்க. நான் வீட்டுக்காகப் போறேன். தடுக்காதீங்க மாமா.”

தடுக்கவில்லை. போர்மேன் சான்று வாங்கி, பட்டாசு ஆபீஸிலேயே தலை நரைத்தவன் நான். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. வெடிமருந்து கலக்குகிறவனுக்குக் கூலி கூட என்பதும், உன் அம்மா, என் அக்கா, வாங்கிய கடன் எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அலைக்காரர்களைப் பற்றி நீ போட்ட கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதியில் நீ கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் மேவரிக்ஸ் என்று ஓர் இடம். தண்ணீர் சில்லென்றிருக்கும், பக்கத்திலேயே பாறைகள். 1994 டிசம்பர் 23 அன்று ஹவாயின் பேர்பெற்ற வீரர் மார்க் ஃபூ அங்கே இறந்தார். அவரைக் கொன்றது அன்றைய பெரிய அலைகூட இல்லை. அவர் அதைவிடப் பெரியவற்றை எத்தனையோ பார்த்தவர். அதே இடத்தில் 2011 மார்ச்சில் சயான் மிலோஸ்கி இறந்தார். வயது 35, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஓர் அலை அமுக்கியதிலிருந்து மேலே வருவதற்குள் அடுத்த அலை அமுக்கினால், மூச்சு எவ்வளவு பழகியிருந்தாலும் போதாது. அந்தப் பெண் பிள்ளைகளுக்கு என்ன பதில் என்று நீ கேட்டால், என்னிடம் இல்லை. அந்த இடத்தில் நீ சொன்னது சரிதான்.

ஆனால் 2010-இல் அதே மேவரிக்ஸில் ஷேன் டோரியன் சாகக் கிடந்து பிழைத்தார். அவரும் பிள்ளைகளின் தகப்பன். வீடு திரும்பியவர் அலையை விட்டுவிடவில்லை. உடைக்குள் காற்றுப்பை வைத்து, கயிற்றை இழுத்தால் வாயு நிரம்பி ஆளை மேலே தூக்கிவிடும்படி ஒரு சட்டை செய்யச் சொன்னார். இன்றைக்குப் பெரிய அலைக்குப் போகிற பெரும்பாலானோர் அந்த மாதிரி ஒன்றைப் போடாமல் இறங்குவதில்லை. நசாரேயில் ஒருத்தன் விழுந்தால் அவனைத் தூக்க வரும் ஜெட் ஸ்கி எது, ஓட்டுகிறவன் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மலைமுகட்டில் ஒருத்தன் வாக்கி டாக்கியோடு நின்று அலை வரிசையைச் சொல்லிக்கொண்டிருப்பான். இதையெல்லாம் மீறித்தான் சாகிறார்கள். 2023 ஜனவரியில் மார்சியோ ஃப்ரெய்ரே நசாரேயில்தான் இறந்தார்.

இப்போது நம்ம பக்கம் வா. நீ சேரப் போகிற இடத்தில் இதற்குச் சமமாக என்ன இருக்கிறது?

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. கலவை ரூம் தனியாக இருக்க வேண்டும். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வழியில் எதையும் அடுக்கக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி, வாசலில் கையை வைத்துவிட்டு நுழைய ஒரு செப்புத் தகடு, அதாவது உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் இறங்குவதற்கு. அன்று கலந்த மருந்து அன்றே தீர வேண்டும். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். ராத்திரி மூடி வைத்த மருந்தைக் காலையில் முதலில் தொடுகிறவன்தான் அதற்கு விலை கொடுப்பான்.

விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் “உராய்வு காரணமாக” என்று போடுவார்கள். உராய்வு தினமும் இருக்கிறது, மகனே. சல்லடையில் ஒரு மணல் துகள் போதும். ஒருத்தன் சாகிறானா இருபது பேர் சாகிறார்களா என்பதைத் தீர்மானிப்பது உராய்வு இல்லை. அந்த நேரத்தில் ரூமில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, பக்கத்து ரூம் வாசலில் என்ன காய்கிறது என்பதுதான். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். உள்குத்தகைக்கு விட்ட இடம் என்று பிறகு பேச்சு வந்தது. குத்தகைக்கு எடுத்தவனுக்குத் தீபாவளிக்குள் போட்ட காசை எடுக்க வேண்டும். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவனும் வேகத்தைக் குறைக்க மாட்டான். இரண்டு பேரும் சேர்ந்தால் மரத்தடியில்கூட மருந்து அடைப்பார்கள்.

முதலிப்பட்டி பட்டாசு ஆபீஸ் விபத்தைப் பற்றி நீ சின்னப் பையனாக இருக்கும்போது கேட்டிருப்பாய். 2012 செப்டம்பர் 5. ஏறத்தாழ நாற்பது சாவு. அதில் பலர் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள். அடுத்து வெடித்ததில் அகப்பட்டுக்கொண்டார்கள். நசாரேயில் யார் காப்பாற்றப் போவது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்றேனே, அதை ஏன் சொன்னேன் என்று இப்போது புரியும். சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது, எவனைத் தேடப் போகக் கூடாது என்பதை முதல் நாளே போர்மேனிடம் கேள். சிரித்தால் சிரிக்கட்டும்.

“வீட்டுக்காக” என்று எழுதினாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அலைக்காரன் அலை சரியில்லை என்றால் கரையிலேயே உட்கார்ந்துவிடலாம், அவனைக் கேட்பாரில்லை. நம்ம ஆள் நேற்றைய மருந்தைக் கண்ணால் பார்த்தும் வீட்டை நினைத்துக்கொண்டு கையை விடுகிறான். முன்பணம் வாங்கியவன் இன்னும் சீக்கிரம் விடுவான். அதனால் முன்பணம் வாங்காதே. அக்கா கேட்டாலும் வாங்காதே. அந்தப் பணத்தை நான் தருகிறேன். அச்சங்குளத்தில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் போன வீடு உண்டு. அக்காவும் அதே ஆபீஸில் பேக்கிங்குக்கு வருவதாகச் சொன்னாளாம். வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தர் போதும்.

சேருகிற அன்றைக்கே உன் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, இ.எஸ்.ஐ. எண் வந்ததா என்று பார். வேலை விபத்தில் இறந்தவனின் கூலியில் 90 சதவீதத்தை அவனை நம்பியிருந்தவர்களுக்கு மாதாமாதம் இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. பெயர் ஏறாதவன் குடும்பம் மந்திரி கொடுக்கிற காசோலைக்காகக் கலெக்டர் ஆபீஸில் நிற்கும். “சீசன்தானே, ஒரு மாசம் போகட்டும்” என்று மேஸ்திரி சொன்னால் அந்த ஒரு மாசமும் நீ பெட்டி ஒட்டு, கலவை ரூமுக்குப் போகாதே.

எண் வந்ததும் அதையும் போர்மேனின் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடு. வியாழக்கிழமை சாத்தூர் வருகிறேன். திங்கட்கிழமை நீ உள்ளே போகுமுன் அந்த ரூமை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உன் போர்மேனிடம் சொல்லி வை.

அன்புடன்,
மாமா