பாஸ்வேர்டு எங்கும் போகவில்லை

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. அன்றுமுதல் பலரும் பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி போன்ற மாற்று மென்பொருள்கள் பக்கம் நகர்கிறார்கள். சேலத்து நூற்பாலையோ நாமக்கல் லாரி அலுவலகமோ, கணக்கும் சம்பளப் பட்டியலும் மெய்நிகர் கணினியில் இருந்தால் இந்தக் குடிமாற்றம் ஒருநாள் வரும். கூடவே சில தப்பெண்ணங்களும் வரும்.

நம்பிக்கை: இடம் மாறினால் பாஸ்வேர்டும் மாறிவிடும்.

உண்மை: மாறாது. விண்டோஸில் அது 'சாம்' கோப்பிலும் லினக்ஸில் 'ஷேடோ' கோப்பிலும், வட்டுக்குள்ளேயே இருக்கிறது. வட்டு போகும் இடமெல்லாம் அதுவும் போகும். புது சர்வரின் ரூட் பாஸ்வேர்டு வேறு. அது உள்ளே இருக்கும் விண்டோஸைத் திறக்காது.

நம்பிக்கை: சரியாக அடித்தும் திறக்கவில்லை என்றால் கணக்கு கெட்டுவிட்டது, ரீசெட்தான் வழி.

உண்மை: இந்த அவசரம்தான் அதிகம் கெடுக்கிறது. முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். கன்சோல் பிரிட்டிஷ் அமைப்பில் இருந்தால் '@' அடிக்கும் இடத்தில் இரட்டை மேற்கோள்குறி விழும். பாஸ்வேர்டில் உள்ள குறிகளை மட்டும் பயனர்பெயர் கட்டத்தில் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டொமைன் கணக்கு என்றால் அடுத்த சந்தேகம் நெட்வொர்க் மேல். நெட்வொர்க் கார்டு புதிதாகிவிடுவதால் பழைய நிலையான ஐபியும் டிஎன்எஸ் முகவரியும் பழைய கார்டோடு நின்றுவிடும். டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடியாது. பிறகு கடிகாரம். பிராக்ஸ்மாக்ஸில் இயங்குதள வகையை விண்டோஸ் என்று குறிக்காமல் விட்டால், வன்பொருள் நேரம் யுடிசி-யில் வரும். நம் ஊரில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். டொமைன் நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாகப் பொறுப்பது 5 நிமிட வித்தியாசம் மட்டுமே. பல மாதப் பழைய பேக்கப்பை ஏற்றினாலும் டொமைன் மறுக்கலாம்: கணினிக்கென்று தனி ரகசியம் உண்டு, அது 30 நாளுக்கொருமுறை தானே மாறும்.

இவற்றில் எதுவானாலும் லோக்கல் அட்மின் கணக்கு உள்ளே விடும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்வுக் கோடும் போடுங்கள்.

நம்பிக்கை: வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் சாவி கேட்டால் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும்.

உண்மை: போதாது. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது இல்லையென்றால் தரவும் இல்லை.

ஆகவே நகர்த்துவதற்கு முன்பே லோக்கல் அட்மின் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். பழைய கணினியை அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள்.