முதல் போட்டிக்குப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. மாவட்ட வலுதூக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று தெரிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். போனில் பேசினால் பாதி மறந்துபோகும். கடிதமென்றால் இந்த மூன்று மாதமும் வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்வாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய வீடியோ. 80 கிலோ ஸ்குவாட். எதிரே நின்று எடுத்திருக்கிறார்கள். எதிரே நின்று பார்த்தால் எந்த ஸ்குவாட்டும் ஆழமாகத்தான் தெரியும். நல்லவேளை, பக்கத்துச் சுவர்க் கண்ணாடியில் உன் உருவம் ஓரமாக விழுந்திருக்கிறது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொடை தரைக்குச் சமமாக வருவதற்கு நான்கு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே எழும்பத் தொடங்கிவிடுகிறாய். பக்கவாட்டு நாற்காலியில் நடுவராக உட்கார்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு நான் சிவப்பு விளக்குதான் போடுவேன். இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும் என்பது விதி. சமமாக வந்தால்கூடப் போதாது.

மேடையில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். மூன்றில் இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால்தான் அந்த எடை உன் கணக்கில் சேரும். ஜிம்மில் எத்தனை பேர் கைதட்டினாலும் அதற்கு அங்கே மதிப்பில்லை. ஆகவே அந்த 80-ஐ இப்போதைக்கு மறந்துவிடு. 60 கிலோவுக்குத் திரும்பி வா. முழுசாக இறங்கி எழு. போட்டியன்று 75 கிலோவை முழு ஆழத்தில் எடுத்தாயானால், அது அந்த வீடியோவைவிட எவ்வளவோ மேல். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்: மேடையில் செல்லுபடியாகிற மாதிரியே தினமும் பழகு.

"மீராபாய் சானு மாதிரி ஒலிம்பிக் போவாளா?" என்று உன் அம்மா என்னைக் கேட்டாள். அவளுக்கு நீயே எடுத்துச் சொல். மீராபாய் செய்வது பளுதூக்குதல். எடையைத் தலைக்கு மேலே கொண்டுபோகிற ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு லிஃப்ட். உன்னுடையது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்ற மூன்று. இதற்கான சர்வதேச சம்மேளனம் 1972-இல் தொடங்கியது. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1980-இல் அமெரிக்காவின் லோவல் நகரில் நடந்தது. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இல்லை. பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு. பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோ ராடு கொடுப்பார்கள். உனக்கு ஆண்களுக்குக் கொடுக்கும் அதே 20 கிலோ ராடுதான்.

பாட்டி "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு" என்று முணுமுணுத்தால், பொள்ளாச்சி கிட்டம்மாளைப் பற்றிச் சொல். 2024-இல், 82 வயதில், கோவையில் நடந்த ஒரு போட்டியில் 50 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தவர் அவர்.

இனி நடுவர் கட்டளைகள். புதியவர்கள் அதிகமாகத் தோற்பது பலம் போதாமல் அல்ல, அவசரத்தால். ஸ்குவாட்டில் ராடைத் தோளில் ஏற்றிப் பின்னால் வந்து, முழங்காலை நிமிர்த்தி, ஆடாமல் நில். தலைமை நடுவர் கையைக் கீழே இறக்கி "ஸ்குவாட்" என்பார். அதன் பிறகுதான் இறங்க வேண்டும். எழுந்து நிமிர்ந்த பிறகும் "ரேக்" என்று சொல்லும்வரை ஓர் அடிகூட எடுத்து வைக்காதே. பெஞ்சில் மூன்று கட்டளை: "ஸ்டார்ட்", "பிரஸ்", "ரேக்". ராடு நெஞ்சில் தொட்டு அசையாமல் நின்ற பிறகே "பிரஸ்" வரும். அந்த ஒரு நொடி உனக்கு ஒரு யுகமாகத் தெரியும். ஜிம்மில் நெஞ்சில் தட்டி எகிறவைத்துப் பழகியவர்களின் கை அங்கே தானாக எழும்பிவிடும், விளக்கு சிவப்பு. டெட்லிஃப்டில் தொடங்குவதற்குக் கட்டளை இல்லை. தூக்கி நிமிர்ந்து, முழங்கால் பூட்டி, தோள் பின்னால் போனதும் "டவுன்" என்பார். அப்போதும் ராடைக் கைவிட்டுப் போடக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்தபடியே இறக்க வேண்டும். வழியில் தொடைமேல் தாங்கி நெம்பி ஏற்றினாலும், ஏறிய ராடு கொஞ்சம் கீழே இறங்கினாலும் லிஃப்ட் செல்லாது.

ஆகவே இன்றே உன் ஜிம் மாஸ்டரிடம் சொல்லி, கடைசி செட்டுகளில் யாரையாவது இந்தக் கட்டளைகளைச் சொல்லச் சொல். சொல்கிறவர் சில முறை வேண்டுமென்றே தாமதிக்கட்டும். எல்லா நடுவரும் ஒரே வேகத்தில் சொல்வதில்லை.

பெஞ்சில் இன்னும் இரண்டு. பாதம் முழுவதும் தரையில் படிந்திருக்க வேண்டும், பிட்டமும் தலையும் பெஞ்சைவிட்டு எழக் கூடாது. நீ உயரம் குறைவு, குதிகால் எட்டாது. கவலை வேண்டாம், காலுக்கு அடியில் 30 சென்டிமீட்டர் உயரம் வரை பிளேட்டோ கட்டையோ வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 2023-இல் வந்த விதிப்படி, ராடு நெஞ்சில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பக்கம் தோள்மூட்டின் உச்சிக்குச் சமமாகவோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ராடு இறங்கும் தூரத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் இதை நினைவில் வை.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். பன்னிரண்டு வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள். முதல் ஐந்து வாரம் ஐந்தைந்து ரெப், ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு ரெப் எடுக்க முடியும் என்ற நிலையில் நிறுத்து. அடுத்த நான்கு வாரம் எடை ஏறும், ரெப் மூன்றாகும். அதன் பிறகு ஒன்றும் இரண்டுமாக, போட்டிக் கட்டளைகளோடு. கடைசிக் கனமான டெட்லிஃப்ட் போட்டிக்குப் பத்து நாளாவது முன்னால் முடிந்துவிட வேண்டும். ஸ்குவாட் ஒரு வாரம் முன்னால். கடைசி வாரம் பாதி எடையில் கை கால் அசைப்பதோடு சரி. அந்த வாரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பயம் வந்து, "இன்னொரு தடவை பார்த்துவிடலாம்" என்று கனமாக ஏற்றுவார்கள். ஒரே வாரத்தில் புதிதாகப் பலம் சேராது. சேர்ந்திருக்கிற அசதிதான் இறங்கும்; அது இறங்கினால்தான் மூன்று மாதம் சேர்த்த பலம் மேடையில் கைகொடுக்கும்.

உன் ஜிம் ராடை ஒருமுறை தராசில் நிறுத்துப் பார். பல ஜிம்களில் 20 கிலோ என்று சொல்கிற ராடு அவ்வளவு இருப்பதில்லை. போட்டியில் ராடு 20, இரண்டு பக்க லாக்கும் சேர்ந்து 5. ஆக வெறும் ராடே 25. உதாரணத்துக்கு 67.5 கிலோ என்றால் பக்கத்துக்கு ஒரு நீல 20 கிலோ பிளேட்டும் ஒரு 1.25-ம். இந்தக் கணக்கு உனக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

டெட்லிஃப்டுக்குக் கைப்பட்டை போட்டு இழுக்கிறாய் என்றால், நாளையிலிருந்து அதை எடுத்து வை. போட்டியில் அனுமதி கிடையாது. மெக்னீசியம் சாக் தடவிக்கொள்ளலாம். ராடு வழுக்கிப் போகட்டும் என்று தொடையில் டால்கம் பவுடர் பூசுவார்கள். பூசிய கையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சாக்கைத் தொட வேண்டும். பவுடர் பட்ட உள்ளங்கையில் 100 கிலோ ராடு நிற்காது, விரல் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். முழங்கால்வரை நீளமான சாக்ஸும் டெட்லிஃப்டுக்குக் கட்டாயம். பெல்ட் வாங்குவதாக இருந்தால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வேண்டாம்.

உடல் எடைக்கு வருகிறேன். 58.4 கிலோ இருப்பதாகவும், 57 கிலோ பிரிவுக்கு இறங்கப் பட்டினி கிடக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மா. 63 கிலோ பிரிவில் நில். வளர்கிற வயதில், அதுவும் முதல் போட்டிக்கு, சோற்றைக் குறைத்துத் தண்ணீரை நிறுத்துவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஒன்றரைக் கிலோ குறைத்து ஸ்குவாட்டில் ஐந்து கிலோ இழப்பாய். தினமும் முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று வயிறாரச் சாப்பிடு. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கு. போனை வேறு அறையில் வை.

போட்டியன்று எடை பார்ப்பது தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஆரம்பமாகும். பெண்களுக்குப் பெண் அதிகாரிதான் எடை பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் தயங்காமல் கேள். ஆதார் அட்டையை மறக்காதே. முதல் முயற்சி எடைகளை அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்குவாட் ஸ்டாண்டின் உயரத்தையும் அதற்கு முன்பே பார்த்துக் குறித்துவிடு. எடை பார்த்ததும் இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். மண்டபத்தில் நேரம் இழுத்துக்கொண்டே போகும். மூன்று மணிக்கு டெட்லிஃப்ட் என்றால் ஐந்தாகலாம். பையில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்.

எந்த எடையைக் கேட்பது என்பதில்தான் பாதிப் போட்டி இருக்கிறது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மூன்று முயற்சி, ஆக ஒன்பது. ஒரு லிஃப்டில் மூன்றும் தவறினால் மொத்தமே கிடையாது. மற்ற இரண்டில் சாதனையே படைத்தாலும் பட்டியலில் உன் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. கேட்ட எடை கிடைக்கவில்லை என்றால் குறைக்கவும் முடியாது. அதனால் முதல் முயற்சி, தூக்கம் கெட்டு, வயிறு சரியில்லாத நாளிலும் மூன்று ரெப் வருகிற எடையாக இருக்கட்டும். இன்றைய நிலவரப்படி உனக்கு நான் போடும் கணக்கு இது: ஸ்குவாட் 67.5, 72.5, 77.5. பெஞ்ச் 35, 37.5, 40. டெட்லிஃப்ட் 95, 102.5, 107.5. மூன்றாவது எண்கள் அன்றைய உடம்பைப் பார்த்து மாறும். முதல் எண்ணை மட்டும் யார் உசுப்பேற்றினாலும் மாற்றாதே. பக்கத்தில் நிற்கிற பெண் 90-இல் தொடங்கினால் தொடங்கட்டும்.

ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான். ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் இரண்டாவது, மூன்றாவது முயற்சியைச் சொன்ன பிறகு மாற்ற முடியாது. ராடு தயார் என்று அழைத்த பிறகு தொடங்கவும் ஒரு நிமிடம். ஓடாதே, ஒரு நிமிடம் நீ நினைப்பதைவிட நீளம். மேடையில் எழ முடியாமல் போனால் ராடை உதறிவிட்டு விலகாதே. தோளோடு பிடித்தபடி இரு, பக்கத்தில் நிற்கும் ஸ்பாட்டர்கள் தாங்கிக்கொள்வார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால் நடுவர் காட்டும் அட்டையைப் பார். ஸ்குவாட்டுக்குச் சிவப்பு அட்டை என்றால் ஆழம் போதவில்லை. அடுத்த முயற்சியில் அதையே சரிசெய். வாக்குவாதம் வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். ஜிம்மில் யாராவது ஒரு அண்ணன் "இது வெறும் புரோட்டீன்தான்" என்று லேபிள் இல்லாத டப்பாவை நீட்டுவார். "இரண்டு மாத்திரை, போட்டிக்குள் ரெடியாகிவிடுவாய்" என்பார். ஸ்டீராய்டு ஒரு பெண்பிள்ளையின் உடம்பில் மாதவிடாயைக் குழப்பும், முகத்தில் முடி வளர்க்கும், குரலைத் தடிக்கவைக்கும். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் பழையபடி திரும்பாது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பரிசோதிக்க வந்தால், "எனக்குத் தெரியாமல் கலந்துவிட்டார்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு விளையாடுபவர்தான் பொறுப்பு. சளி மாத்திரையாக இருந்தாலும் நீ போட்டியில் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

யார் எதைக் கொடுத்தாலும், அது பொடியோ மாத்திரையோ ஊசியோ, வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய். நடுராத்திரியானாலும் பரவாயில்லை, நான் எடுப்பேன்.

அன்புடன்,
மாமா